சொன்னவளும் தடுத்தவனும்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னின்னவை என்று நம்மவர்களிடையே நெடுங்காலமாக ஒரு முறை இருந்து வருகிறது. எத்தனை மணிக்கு ஆயிற்று, கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரையாவது தேடினாரா, நினைவு தப்பாமல் இருந்ததா என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்பார்கள். கேட்கிறவருக்குப் பாதி விஷயம் முன்பே தெரிந்திருக்கும். ஆயினும் துக்கப்பட்டவர் நடந்ததை நூறு பேரிடம் நூறு தடவை சொல்லி, சொல்லச் சொல்லவே அதைத் தாங்கும் வலுவைப் பெற வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விசாரணை அது. 2021-ஆம் வருஷத்துக் கொரோனாக் கோடையில் இந்த விசாரணையில் புதிதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. "ஊசி போட்டிருந்தாரா?" என்பதே அந்தக் கேள்வி. எந்தப் பதிலைச் சொன்னாலும் சொன்னவருக்கு அதில் ஆறுதல் இல்லை. போடவில்லை என்றால், "அதுதானே பார்த்தேன்" என்பது போலக் கேட்டவர் முகம் சற்றே தெளியும். போட்டிருந்தார் என்றால், "அதனாலேயே போயிருப்பாரோ" என்று அவர் பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பார். இரண்டு விதத்திலும் இறந்தவர் பிரதிவாதியாகி விடுகிறார். அவருக்காக வக்காலத்து வாங்க வேண்டிய பொறுப்பு அவரைப் பறிகொடுத்தவர்கள் தலையில் விழுகிறது.

அந்தப் பறிகொடுத்தவர்களிலும் ஒரு சாராரைப் பற்றியே இங்கே எழுத எண்ணுகிறேன். கொரோனாவில் கணவனை இழந்த ஸ்திரீகளைப் பற்றியும், தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதின, சர்க்காரும் அவர்களுக்கென்று திட்டங்கள் வகுத்தது, அது நியாயமே. ஆனால் அண்ணனையோ அக்காளையோ இழந்தவர்கள், அந்த வீட்டில் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களாகவே எண்ணப்பட்டார்கள். "அண்ணியைப் பார்த்துக்கொள்", "அம்மாவிடம் மெதுவாகச் சொல்" என்று அவர்களுக்குக் காரியங்கள் ஏவப்பட்டனவே தவிர, அவர்களை உட்கார்த்தி வைத்து யாரும் துக்கம் கேட்கவில்லை. சட்டமும் அப்படித்தான் வரிசைப்படுத்தியிருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள்; தகப்பனாருக்கும் பின்னால், இரண்டாம் வகுப்பில்தான் சகோதர சகோதரிகளுக்கு இடம். சொத்துக்கு இந்த வரிசை பொருத்தமாக இருக்கலாம். ஆனால் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டுக்குச் சண்டையிட்டு, நாற்பது ஐம்பது வருஷங்கள் ஒருவர் சிறுபிராயத்துக்கு ஒருவர் சாட்சியாக வாழ்ந்தவர்களின் துக்கத்துக்கும் அதே வரிசையைக் கொள்வது எவ்வளவு பொருந்தும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா என்பவர், துக்கம் கொண்டாடும் உரிமையைச் சமூகம் யாருக்கு மறுக்கிறதோ அவர்களுடைய துக்கம் மற்றவர்களுடையதைக் காட்டிலும் ஆறுவதற்குக் கடினமானது என்பதை 1989-இல் ஒரு நூலாகவே தொகுத்துக் காட்டினார்.

தடுப்பூசியைப் பற்றிய அபிப்பிராய பேதம், மற்ற உறவுகளைக் காட்டிலும் உடன்பிறந்தவர்களிடையேதான் அதிகமாகப் பிளவை உண்டாக்கியதற்கும் காரணம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரு வீட்டில் இருப்பவர்கள். அங்கே யாராவது ஒருவர் சொல் இறுதியில் செல்லுபடியாகிவிடும். வளர்ந்த சகோதரர்களோ ஆளுக்கு ஓர் ஊரில், ஆளுக்கு ஒரு டாக்டரை நம்பி, ஆளுக்கு ஒரு கைபேசியில் வேறு வேறு செய்திகளைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். ஒருவரை ஒருவர் வற்புறுத்தும் பாசம் இருக்கிறது. கட்டளையிடும் அதிகாரம் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையேதான் அநேகம் குடும்பங்களில் அந்த வருஷத்துச் சண்டைகள் நடந்தன.

அந்த மாதங்களில் தமிழ்நாடு இருந்த நிலையை இப்போது நினைத்துப் பார்க்கிறவர்கள், ஊசிக்குப் பயந்தவர்களை எல்லாம் ஒரேயடியாக அறிவிலிகள் என்று தள்ளிவிடுகிறார்கள். அது சரியல்ல. 2021 ஜனவரி 16-இல் தேசமெங்கும் தடுப்பூசி தொடங்கியபோது, இரண்டு ஊசிகளில் ஒன்றாகிய கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் வெளிவருவதற்கு முன்பே, சோதனை நிலையிலேயே வைத்து அவசர அநுமதி கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டு டாக்டர்களிலேயே தயங்கியவர்கள் இருந்தார்கள். மார்ச் முதல் தேதியிலிருந்து அறுபது வயதானவர்களுக்கும், நாற்பத்தைந்து கடந்து சர்க்கரை, இரத்தக் கொதிப்பு முதலிய வியாதி உள்ளவர்களுக்கும், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாற்பத்தைந்து கடந்த எல்லோருக்கும் ஊசி என்றார்கள். அப்போது முதல் அலை ஓய்ந்து, தேர்தல் கூட்டங்கள் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்த சமயம். வியாதியே போய்விட்டது என்று எண்ணியவனுக்கு மருந்து எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சுகள் மருந்துக் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்துப் பேர் சேர மாட்டார்களா என்று வாசலைப் பார்த்திருந்தார்கள். மே மாதம் பிறந்து, தினசரி நோயாளிகள் தொகை முப்பத்தாறாயிரத்தைத் தொட்ட பிறகு, அதே வாசல்களில் விடியற்காலையிலேயே ஜனங்கள் வரிசை நின்றார்கள். அப்போது குப்பி இல்லை. ஏப்ரலில் ஊசி இருந்தது, ஆள் இல்லை. மேயில் ஆள் இருந்தது, ஊசி இல்லை.

இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவே விழுந்த செய்தி நடிகர் விவேக்கின் மரணம். ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குத் தாமே சென்று, பத்திரிகையாளர்கள் பார்க்க ஊசி போட்டுக்கொண்டவர் அவர். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடியற்காலையில் காலமாகிவிட்டார். இருதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் ஒன்று முழுதும் அடைபட்டிருந்தது என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழு சில மாதங்கள் ஆராய்ந்து சொல்லிற்று. ஆனால் டாக்டர்கள் சொன்னது ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மரணச் செய்தி வயல் வரப்பு வரைக்கும் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்த மனிதர் அவர். அவருக்கு வந்தது தங்களுக்கும் வரும் என்று ஜனங்கள் எண்ணியதில் வியப்பு என்ன?

கும்பகோணத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பாத்திரக்கடைக்காரர் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. தங்கை திருச்சியில் அரசு மருத்துவமனை நர்ஸ். அவளுக்கும் இளையவரான தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி மேற்பார்வையாளர். மார்ச் மாதத்திலிருந்தே தங்கை அவரை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி வந்தாள். அவர் சொன்ன முதல் காரணத்தில் கொள்கை ஒன்றும் இல்லை. சித்திரை வைகாசி முகூர்த்தங்களில்தான் சீர்வரிசைக் குடமும் குத்துவிளக்கும் விற்கும். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்குமாமே, கடையை யார் பார்ப்பது? ஆனி பிறக்கட்டும் என்றார். இதற்குள் தம்பி அனுப்பிய ஒலிப்பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன; சர்க்கரைக்காரர்களுக்கு அந்த ஊசி ஆகாது என்று பெயர் தெரியாத ஒரு குரல், டாக்டருக்குரிய கம்பீரத்தோடு பேசிற்று. விவேக் காலமான அன்று சாயங்காலம் தங்கை மறுபடியும் பேசினாள். "ஏம்மா, விவேக்கே போயிட்டாரு, நான் எம்மாத்திரம்? நீ ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவ, அப்படித்தான் சொல்லுவ" என்றாராம். அவள் கோபத்தில், "பட்டாத்தான் தெரியும் உங்களுக்கெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மே இரண்டாம் வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி திருப்பூரிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் வருவதற்கு இ-பதிவு செய்துவிட்டு வந்தார். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. பிரேதத்தை நெகிழிப் பையில் இட்டு, ஜிப் இழுத்து, நேரே மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். முகத்துக்கு நேராக மட்டும் அரை நிமிஷம் திறந்து காட்டினார்கள். அந்த ஜிப்பு பாதியில் சிக்கிக்கொண்டதாம். உடல் முழுதும் மூடிய உடை அணிந்திருந்த ஊழியர், கையுறை வழுக்க, அதை மேலும் கீழும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற மாதிரி இருந்தது என்று தங்கை என்னிடம் சொன்னாள். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி இல்லை. பிறந்த வீட்டுப் பெண் வந்து மாரடித்து ஒப்பாரி சொல்லி, அண்ணன் தனக்குச் செய்த சீரையெல்லாம் ஊரறிய எண்ணிக் காட்டி அழுவதற்கு நம் சம்பிரதாயத்தில் ஓர் இடம் இருக்கிறதே, அந்த இடமும் அன்று இல்லை. பாதுகாப்புக் கவசத்தோடு அநேகருடைய அண்ணன்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் அண்ணனைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியத்தில்தான் பேச்சு வெடித்தது. வந்திருந்த உறவினர் ஒருவர், கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டார். "போடல" என்று அண்ணி சொன்னாள், சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பி, "நீ நர்சாச்சே, ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லிச் சலித்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பியோ, "ஊசி போட்டிருந்தா இன்னும் பத்து நாள் முன்னாடியே போயிருப்பாரு. அந்த ஆஸ்பத்திரிதான் கொன்னுச்சு" என்றார். அன்றைக்கு இலையில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மனிதருக்காக இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் தனித்தனியே அழுதார்கள்.

இவ்விருவரில் யார் பக்கம் உண்மை இருக்கிறது என்று கேட்டால், அதற்கு விடை இல்லாமல் இல்லை. நம் ஊரிலேயே எடுத்த கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையில் பணிபுரிந்த 1,17,524 பேரைப் பற்றி, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் 67,673 பேர் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்கள். 32,792 பேர் ஒரு தவணை. 17,059 பேர் ஊசியே போடாதவர்கள். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, அதாவது இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிய ஒரு மாதத்தில், இவர்களுள் 31 பேர் கொரோனாவால் இறந்தார்கள். இறந்தவர்களில் 11 பேர் ஊசி போட்டவர்கள். இந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, மூன்றில் ஒருவர் ஊசி போட்டும் செத்திருக்கிறார்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார். ஊசி போட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், போடாதவர்கள் பதினேழாயிரம். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து 20 பேர் போனார்கள். ஒரு தவணைக்காரர்களில் 7 பேர். இரண்டு தவணையும் போட்ட பெருங்கூட்டத்தில் 4 பேர். ஆயிரத்துக்கு இத்தனை என்று வகுத்தால், போடாதவர்களில் 1.17, ஒரு தவணையில் 0.21, இரண்டு தவணையில் 0.06. சாவைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு நூற்றுக்கு 82, இரண்டு தவணைக்கு நூற்றுக்கு 95 பலன் என்று ஆய்வாளர் முடிவு கட்டினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தம் ஊழியர்களையே வைத்துப் பார்த்த இன்னொரு கணக்கிலும், முழுதும் ஊசி போட்டவர்களில் பிராணவாயு தேவைப்படும் நிலைக்குப் போகாமல் தப்பியதில் நூற்றுக்கு 92 பலன் தெரிந்தது. ஆகவே பொது விஷயத்தில் தங்கை சொன்னதே சரி. இதில் இரண்டு பக்கமும் சமமாகப் பேசி நடுநிலை காட்டுவது நேர்மையாகாது.

ஆனால் இதே கணக்கை அண்ணன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால், அது பேச மறுத்துவிடுகிறது. நூற்றுக்கு 95 என்பது, போடாமல் இருந்தால் இறந்திருக்கக்கூடிய இருபது பேரில் பத்தொன்பது பேர் பிழைப்பார்கள் என்று சொல்லுமே தவிர, இன்னார் அந்தப் பத்தொன்பதில் இருப்பார் என்று பெயர் குறித்துச் சொல்லாது. பாத்திரக்கடைக்காரர் விவேக் காலமான மறுநாளே மனம் மாறிப்போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். காய்ச்சல் கண்ட அன்று, அவர் உடம்பில் ஒரு தவணை மருந்து மூன்று வார காலம் வேலை செய்திருக்கும். கோவிஷீல்டாக இருந்தால் இரண்டாம் தவணை எட்டிக்கூட வந்திராது; மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரம் என்றிருந்த இடைவெளியை, மே 13-ஆம் தேதி பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று நீட்டிவிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில், பன்னிரண்டு வருஷச் சர்க்கரையோடு, ஒரு தவணை மட்டும் போட்டவர் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கும் சாத்தியம் அதிகம் என்று மட்டும் சொல்லலாம். தங்கையும் தம்பியும் சண்டையிட்டது இந்தச் சாத்தியத்தைப் பற்றி அல்ல. "நிச்சயம் பிழைத்திருப்பார்", "நிச்சயம் போயிருப்பார்" என்ற இரண்டு நிச்சயங்களைப் பற்றி. அவை இரண்டும் இவ்வுலகத்தில் யாருக்கும் கிட்டாதவை.

தம்பி தம் அபிப்பிராயத்தை ஏன் விடவில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. படித்தவர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஊசி அண்ணனைக் காப்பாற்றியிருக்கும் என்று அவர் ஒரு கணம் ஒப்புக்கொண்டால், அந்த ஒலிப்பதிவுகளை அனுப்பிய கை தம்முடையது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அபிப்பிராயத்தை மட்டும் தனியே கழற்றி வைக்க அவரால் முடியாது. அதோடு கூடவே அண்ணனைக் கொன்றவன் என்ற பழியும் வந்து ஒட்டிக்கொள்ளும். புள்ளிவிவரம் காட்டி இத்தகைய மனிதரை மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள், அவர் எதைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறியாதவர்கள். 2024-இல், கோவிஷீல்டுக்கு மூலமான ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனத்தார், மிக அபூர்வமாக இரத்தம் உறையும் உபாதை தங்கள் ஊசியால் ஏற்படக்கூடும் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, தம்பி அதைக் குடும்பக் குழுவில் உடனே போட்டார். அந்த உபாதை மெய்தான். ஐரோப்பிய அதிகாரிகள் 2021 ஏப்ரலிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். லட்சத்தில் ஓரிருவருக்கு, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. வருஷங்கள் கழித்துத் திடீரென்று மாரடைப்பில் இறந்தவர்களுக்கும் அதற்கும் முடிச்சுப் போட இடமில்லை. இளவயதினரின் திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகளைக் கொண்டு ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தடுப்பூசியால் அந்த அபாயம் கூடவில்லை என்றும், முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருப்பது, மிதமிஞ்சிய குடி முதலியவற்றோடுதான் அது சேர்ந்து வருகிறது என்றும் 2023-இல் வெளியிட்டது. ஆனால் ஆஸ்ட்ராஜெனிகா செய்தி வந்த வாரத்தில் வேறு ஒரு சாரார் தூக்கம் இழந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணனை இழுத்துக்கொண்டு போய் ஊசி போட வைத்து, பின்னொரு நாள் ஏதோ ஒரு வியாதியில் அவரைப் பறிகொடுத்த தங்கைகள் இந்நாட்டில் அநேகர். பிறர் ஏதும் சொல்லாமலே, தங்கள் மேல் தாங்களே குற்றம் சுமத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

சொன்னது பலித்துவிட்டவரின் துக்கத்துக்கு நம் இதிகாசத்திலேயே ஒருவர் இருக்கிறார். இராமாயணத்தில் விபீஷணன் சொன்னது சரி, அவன் அண்ணன் கேட்கவில்லை, கேளாததால் மாண்டான். (பாத்திரக்கடைக்காரரை இலங்கேசுவரனோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம்; அவர் யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர்.) போர்க்களத்தில் அண்ணன் உடல் மேல் விழுந்து விபீஷணன் அழுத அழுகையைக் கம்பரும் வான்மீகியும் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. தன் சொல் மெய்யாயிற்று என்பது அவன் துக்கத்தில் ஒரு துளியையும் துடைக்கவில்லை. வான்மீகியில் இன்னும் ஒன்று உண்டு: ஈமக் கிரியை செய்யச் சொன்னபோது, தர்மத்தை விட்டவனுக்கு நான் எப்படிச் செய்வது என்று விபீஷணன் தயங்குகிறான், பகை மரணத்தோடு முடிந்துவிட்டது, செய்ய வேண்டியதைச் செய் என்று எதிர்த்து நின்ற இராமனே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் தவறினான் என்ற கோபமும் அண்ணன் போனான் என்ற துக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடியவை என்று அந்தப் பழைய கவிகள் அறிந்திருந்தார்கள். தங்கை என்னிடம் ஒரு தடவை, "அவர் மேல எனக்கு இன்னும் கோபம் சார், அதைத்தான் யாருகிட்டயும் சொல்ல முடியல" என்றாள். செத்தவர் மேல் கோபப்படுவது பாவம் என்று எண்ணி அதை உள்ளுக்குள் அழுத்தி வைப்பவர்களுக்குத்தான் துக்கம் நோயாக முற்றுகிறது என்று மனநல மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

துக்கம் நோயாவது எப்போது என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் இப்போது ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல், அன்றாடக் காரியங்களைச் செய்ய விடாமல் வாட்டும் துக்கத்தை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியே பெயரிட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் ஏடு, 2022-இல் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. திதி வரும்போது அழுவதும், அண்ணன் குரல் போன்ற குரல் கேட்டால் திடுக்கிட்டுத் திரும்புவதும் நோயல்ல. இறந்தவர் இறந்துவிட்டார் என்பதையே மனம் ஏற்க மறுப்பது, அவரை நினைவூட்டும் ஊரையும் உறவையும் அறவே விலக்குவது, "அன்றைக்கு நான் போனை வைக்காமல் இருந்திருந்தால்" என்ற ஒரே இடத்தில் பகலும் இரவும் சுழல்வது, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுவது ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால், வெட்கப்படாமல் உதவி நாட வேண்டும். முகம் பார்க்காமல், கிரியை செய்யாமல், கூடி அழாமல் அனுப்பிவைத்தவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று. மத்திய சர்க்காரின் டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

நர்ஸ் அந்த எண்ணை அழைத்தாளா என்று நான் கேட்கவில்லை. 2021 செப்டம்பர் 12 முதல் வாரந்தோறும் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் நடந்தபோது, அவளையும் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். மாட்டேன் என்று திண்ணையை விட்டு எழாதவர்களிடம் அவள் அண்ணன் கதையைச் சொல்லவே இல்லை. சொன்னால் பத்துப் பேர் போட்டுக்கொள்வார்கள் என்று தெரியும். ஆனால் அவரை ஊர் ஊராக உதாரணம் காட்ட மனம் வரவில்லை என்றாள். அது சரியா தவறா என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அக்காளையும் தம்பியையும் மறுபடி பேச வைத்தது ஆய்வும் இல்லை, ஆலோசனையும் இல்லை, ஒரு கல்யாணம். அவள் மகளுக்கு முகூர்த்தம் குறித்தபோது, தாய்மாமன் சீர் யார் செய்வது என்ற கேள்வி எழுந்தது. மூத்த மாமன் இருந்திருந்தால் கடையிலிருந்தே பித்தளைத் தாம்பாளங்கள் வரிசையாக வந்து இறங்கியிருக்கும். தம்பி ஒன்றும் பேசாமல் கும்பகோணம் போய், அண்ணன் மகன் இப்போது நடத்துகிற அதே கடையில், முழு விலை கொடுத்துப் பதினோரு தாம்பாளம் வாங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்து நின்றார். அண்ணன் மகன் தள்ளுபடி தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லையாம். அக்காள் தட்டை வாங்கிக்கொண்டாள். ஊசியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசி முடிவு கட்டவில்லை.

போன வருஷத் திதிக்குக் கும்பகோணத்து வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, வேறு எவரோ ஒருவரின் மாரடைப்பைச் சாக்காக வைத்துத் தம்பி மறுபடியும் ஆரம்பித்தாராம். அக்காள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்: "அதை விடுங்க தம்பி. சோறு ஆறுது, ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."